கதவிலக்கம்

பஞ்சாயத்து கொடுத்த தகடுகள் நாற்பத்தொன்று,
ஒரு சுத்தியல், அரைக்கிலோ ஆணி.
வண்டிப்பெரியாறிலிருந்து காலை ஜீப்பில் வந்தேன்.
தகட்டில் மலையாளத்தில் கிரீன் வேலி நகர்.
ஜீப்பில் யாருக்கும் அப்படி ஓர் இடம் தெரியவில்லை.
"பதினாலாம் நம்பர் காடுதானே? எறங்கு."

துரை வைத்த பெயர் வேறு.
துரையிடம் வாங்கிய கோட்டயத்துக் கம்பெனி
வைத்த பெயர் வேறு.
கம்பெனி பூட்டிக்கொண்டு போனபோது
யாரும் பெயர் வைக்கவில்லை.
பதினோரு வருடம் கொழுந்து கிள்ள ஆளில்லாமல்
இடுப்புயரச் செடிகள் கூரைக்கு மேல் போயின.
தேயிலை ஒரு மரம் என்று
அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.
பூத்தது, காய்த்தது.
காய் எதற்கும் உதவாது.

பிறகு கோர்ட்டு.
கிராஜுவிட்டிக்குப் பணம் இல்லை,
நிலம் இருக்கிறது என்றது கம்பெனி.
ஆளுக்கு ஐந்து சென்ட்.
முப்பத்திரண்டு வருடம் கூடை சுமந்த மாடத்தி
விரல்விட்டுக் கணக்குச் சொல்கிறாள்:
"ஒரு சென்டுக்கு ஆறு வருசமும் கொஞ்சமும்.
அந்தக் கொஞ்சத்துலதான் கக்கூஸ் கட்டியிருக்கு."

வானம் தோண்டினால் வேர் விடவில்லை.
கடப்பாரை இரண்டு வளைந்தது.
பிடுங்கிய அடிமரங்களைக் குமுளிக் கடைக்காரன்
லாரியில் ஏற்றிப்போனான்;
பாலீஷ் போட்டு மேலே கண்ணாடி வைத்தால் டீப்பாயாம்.

கொழுந்து நிறுத்த கொட்டகையில்
ஏலியாம்மாவின் தையல் மிஷின்.
பெரட்டுக் களத்தில் மூன்று ஆட்டோ.
லயத்துச் சுவரொன்றை இடிக்காமல்
அதில் சாய்த்தே வீடு கட்டிவிட்டார் குருசுமுத்து.
"மூணு பக்கம் என்னுது, ஒண்ணு கம்பெனியோடது.
ஒழுகுறது கம்பெனிப் பக்கம்."

மதியம், இருபத்தேழாவது வீடு.
தெருவில் நின்று பட்டியலைச் சத்தமாகப் படித்தேன்:
"நூற்றுப் பன்னிரண்டு!"

மூன்று வீடு தள்ளி அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள்
முறத்தோடு எழுந்து நின்றாள்.
"வந்தேன்" என்றாள்.

அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.
கையில் தகடு, சுத்தியல்.
பேரேடு இல்லை, பின்னால் கங்காணி இல்லை.
முறத்திலிருந்து நொய் கொட்டிக்கொண்டிருந்தது.

அது உங்க வீடு இல்லம்மா, என்றேன்.
"தெரியும்."
உட்காரவில்லை.
"எனக்கு என்ன நம்பர்?"
நூற்றுப் பதினைந்து.
"அதைக் கூப்பிடாதே.
தகட்டைக் குடு, நானே அடிச்சுக்கறேன்."

இரண்டு ஆணி கேட்டாள்.
நான்கு கொடுத்தேன்.