கொய்வு

பாதை என்றால் எங்களுக்குத் தெருவல்ல.
இரண்டு இரும்புத் தோணிகளின் மேல் பலகை அடித்து,
ஓரத்தில் ஒரு மோட்டரைக் கட்டி,
மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு
வாவியின் மேல் ஊர்ந்துபோகும் அதற்குத்தான்
பாதை என்று பேர்.
ஆறரைப் பாதையில் இரண்டு ரீச்சர்மார், மீன்பெட்டி,
மூன்று மோட்டார் சைக்கிள்,
கக்கத்தில் வரைபலகையோடு நான்.

"ரெக்கா படிக்கிறாய்?" என்பார்கள்.
அந்த 'கா'வில் எல்லாம் இருக்கும்:
சாதாரண தரத்தில் கணிதத்துக்கு நான் எடுத்த சீ,
பெரியம்மா மகன் எடுத்த ஏ.

பள்ளிக்கூடத்தில் ஒரேயொரு நுண்மானி.
வாயை வெறுமனே மூடினாலும்
மில்லிமீற்றரில் நூறில் நாலு என்று காட்டும்,
ஒன்றுமில்லாத இடத்தில் ஏதோ இருக்கிறது என்று.
பூச்சிய வழு என்போம்.
எதை அளந்தாலும் அந்த நாலைக் கழிக்கவேண்டும்.
கழிக்கப் பழகிவிட்டோம்,
அந்த 'கா'வையும் சேர்த்து.

கடைச்சல் பொறி வந்து ஒன்றரை வருடம்
பொலித்தீன் சேலையோடு நின்றது,
மூவவத்தை மின்சாரத்துக்காக.
அதுவரை கரும்பலகையில்தான் இரும்பு கடைந்தோம்.
வெண்கட்டித் தூள் பறந்தது.

மின்சாரம் வந்த கிழமைதான்
காத்தாடி ஆணி முறிந்து
நடு வாவியில் பாதை வட்டமடித்தது.
"இந்த மாசத்தில இது அஞ்சாவது"
என்றார் ஓட்டுகிற பூபாலப்பிள்ளை.
பித்தளைத் துண்டு. ஐந்து மில்லிமீற்றர் விட்டம்.
கேட்டு வாங்கிப் பென்சில் பெட்டியில் போட்டேன்.

நானும் சேனுஜனும் அதே அளவில்
உருக்கில் ஒன்று கடைந்தோம்.
முதலாவது மெலிந்துபோயிற்று.
கறியில் உப்புக் கூடினால் தண்ணி விடலாம்,
சீவிய இரும்பைத் திருப்பி ஒட்டேலாது.
இரண்டாவது, நாலைக் கழித்த பின்,
அச்சொட்டாக ஐந்து.
வெயிலில் பிடித்தால் மூக்குத்தி மாதிரி.
"இனி முறியாது" என்றேன்.

முறியவில்லை.
பதினோராம் நாள்
காத்தாடி கண்டல் வேரொன்றில் முட்ட,
ஆணி அப்படியே நின்றது.
உள்ளே பற்சில்லு நாலு பல்லைத் துப்பியது.

"ஆணி நல்ல ஆணிதான் மகள்,
பல்லுத்தான் போயித்து" என்றார்.
திட்டியிருக்கலாம்.
நாலு நாள் பாதை ஓடவில்லை.
பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி பஸ்ஸில் போனவர்கள்
என்னைப் பார்க்காமல் பார்த்தார்கள்.
அந்தப் பற்சில்லின் விலை
இன்றைக்கும் எனக்குப் பாடம்.

இரவு கொப்பியைத் திறந்தேன்.
கொய்வு.
பரீட்சைக்கென்று எத்தனை தரம் எழுதிய சொல்!
விசையைப் பரப்பால் வகு, தகைப்பு வரும்,
இரண்டு புள்ளி, அடுத்த கேள்விக்குப் போ.
மல்லிகையைக் கொய்வதும் இதே கொய்வு என்று
அன்றைக்குத்தான் உறைத்தது.
காம்பு விட்டுக்கொடுப்பதால்தான்
கொடி கிழியாமல் கிடக்கிறது.
அந்த ஆணி முறிவதற்கென்றே அங்கே இருந்தது.
நான்தான் அதை வேலை செய்ய விடவில்லை.

மோட்டரின் வலு, தண்டின் ஆரை,
பித்தளை எவ்வளவு தாங்கும்,
வேர் எவ்வளவு அடிக்கும்.
சேனுஜனுக்கு 5.2 வந்தது, எனக்கு 5.9.
சண்டைபிடித்து
இரண்டு பேருமே பிழை என்று கண்டுபிடித்தோம்.
ஐந்தரை.
துளையையும் அரை மில்லிமீற்றர் பெருப்பித்து
பன்னிரண்டு ஆணி கடைந்து
பால்மா ரின்னில் போட்டுக் கொடுத்தோம்.
பித்தளையில்.

மாரி தொடங்கி, வாவி கலங்கி,
மரக்கொப்பெல்லாம் மிதந்து வந்த ஒரு காலை
நடுத்தண்ணீரில் 'டக்' என்றது.
முப்பது பேரும் சலித்துக்கொண்டார்கள்.
மீன்காரர் சொன்னதை எழுதேலாது.
பூபாலப்பிள்ளை ரின்னைக் குலுக்கி
ஒன்றைப் பொறுக்கி எடுத்தார்.
மணிக்கூட்டைப் பார்த்தேன்: ஏழு நிமிடம்.
பல்லெல்லாம் பத்திரம்.
முதற்பாடம் போயித்து.

வரைபலகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு
சிரித்தேன்.
முறிந்துவிட்டது!