எடுத்துக் கொடுப்பவன்

பாரிஸில் திரை விலகுமுன்
கோலால் மூன்று முறை தட்டுவார்களாம்.
துறைமுகத்தில் பில் எழுதும் இருதயராஜ் சொன்னார்,
ஞாயிறுகளில் பாண்டிச்சேரி பஸ் ஏறிப் பிரெஞ்சு படித்தவர்.
எங்களுக்குப் பாரிஸ் என்றால்
மொத்த விலையில் வாளியும் வளையலும் வாங்கும் கார்னர்.
ஆனாலும் தட்டினோம்,
உடைந்த துடுப்பால், மீன் பெட்டியின் முதுகில்.
காசிமேட்டு ஐஸ் பேக்டரிக்குப் பின்னால்
வலை காயும் மைதானம் வாயை மூடிக்கொண்டது.
ஒரு நாய் மட்டும் மூடவில்லை.

கதை இருதயராஜுடையது, அச்சு மட்டும் அவர்களுடையது:
ஒரு கஞ்சன்,
அவன் மகளுக்குப் பார்த்த கிழட்டு மாப்பிள்ளை,
யாருக்கும் புரியாத பாஷையில் நோய் சொல்லும் வைத்தியர்,
எல்லாம் தெரிந்த வேலைக்காரி.
முந்நூறு வருஷமாக இவர்களில் ஒருத்தரும் சாகவில்லை என்றார்.

நைலான் வலையைப் பிரித்துப் பின்னிய விக்,
மேலே ஒரு டப்பா பவுடர்.
எட்டியப்பன் தும்மினால்
ஒரு மேகம் எழுந்து முன்வரிசையில் இறங்கும்.

முன்வரிசையில் கோதண்டம்.
பத்து வட்டி கோதண்டம்.
பந்தல் செலவு அவர் போட்டது;
பேனரில் அவர் முகம், பிரெஞ்சு ராஜாவைவிடப் பெரிது.

எட்டியப்பன் ஓட்டுகிற குட்டியானையும் அவர் காசுதான்.
கஞ்சனாக நடிக்க அவன் எங்கும் போய்ப் படிக்கவில்லை.
திங்கள்தோறும் வாசலில் பார்ப்பதுதான்:
நாக்கைத் தொட்டு நோட்டு எண்ணுவது,
எண்ணியதைப் பின்னாலிருந்து மறுபடி எண்ணுவது,
போகும்போது சட்டைப்பையை
வெளியே இரண்டு தரம் தட்டிப் பார்ப்பது.

என் வேலை படுதாவுக்குப் பின்னால்,
ஒரு டார்ச், ஒரு நோட்டு.
வசனம் மறந்தவருக்கு எடுத்துக் கொடுப்பேன்.
அன்று யாரும் மறக்கவில்லை.
அதுதான் தொல்லை.
பகலில் அண்ணா நகரில் நாலு வீட்டுப் பாத்திரம் தேய்க்கும்
சகாயராணிக்கு வேலைக்காரி வேஷம்.
என் நோட்டில் இல்லாததெல்லாம் பேசினாள்:
"இன்னா எஜமான், உன் ஊட்டு உப்ப துன்னுட்டு
விசுவாசமா இருக்கலாம்னு பாத்தா
உப்பையும் பூட்டி வெச்சிக்கினுகீற!"
பக்கத்தைப் புரட்டினேன், புரட்டினேன்.
பெண்கள் பக்கமிருந்து விசில்.

கோதண்டம் சிரித்தார்.
நாற்காலி பின்னுக்குச் சாய, கண்ணில் நீர் வர,
தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.
சீட்டுக் கம்பெனி தயாளன் காதில் குனிந்து
"அச்சு அசலா தண்டையார்பேட்டை மாணிக்கம் இல்ல?"
தயாளனும் சிரித்தார், கோதண்டத்தைப் பார்த்தபடி.
பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்,
தயாளனைப் பார்த்தபடி.

இந்த மாதிரிக் கூத்தில் கடைசியில்
அரண்மனை ஆள் வந்து கடன் பத்திரத்தைக் கிழிப்பான்.
ராஜாவுக்குப் பயந்து வைத்த முடிவு என்பார் இருதயராஜ்.
அந்த வேஷக்கார நாகூரான்
இன்ஜின் நின்ற போட்டில், நடுக்கடலில்.
படுதா ஓட்டையில் நான் இருட்டைத் துழாவ
மேடையேறினார் ஒரு ஏட்டு, லத்தியோடு:
"மணி பத்தாச்சு. யார் பர்மிஷன்?"
ஜனம் எழுந்து நின்று கைதட்டியது.
எட்டியப்பன் சட்டென்று மண்டியிட்டுப் பத்திரத்தை நீட்டினான்.
ஏட்டு வாங்கினார்.
பிரித்துப் பார்க்கவில்லை.
பழக்கத்தில், பையில் வைத்துக்கொண்டார்.

திங்கள் காலை.
டீசல் புகைக்கு நடுவே கோதண்டம்.
எட்டியப்பன் கட்டை நீட்டினான்.
சுற்றி ஏழெட்டுப் பேர், நானும்.
விரல் உதடுவரை போயிற்று.
நின்றது.
எங்களை ஒரு முறை பார்த்தார்.
விரலை வேட்டியில் துடைத்துவிட்டு
வெறும் விரலால் எண்ணினார்.
நோட்டோடு நோட்டு ஒட்டி, நூறு குறைந்தது.
மறுபடி எண்ணினார்.
இருநூறு குறைந்தது.
எட்டியப்பனுக்கு வேர்த்துவிட்டது. என்னைப் பார்த்தான்.

என் வேலை அதுதானே.
இரண்டாம் வரிசைக்குக் கேட்காத குரலில்
எடுத்துக் கொடுத்தேன்:
"எச்சில், அண்ணே."