பொட்டாசியத்துக்காக நின்ற படகு

இரண்டரைக்குக் கடைசிப் படகு.
மூன்றாம் வார்டில் பெலாயோங்
காலையிலேயே சட்டை மாற்றி
செருப்போடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.
முப்பது மணி நேரமாய் நான் விழித்திருப்பது
அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும்
ரஜாங் ஆறு எனக்காக மெதுவாக ஓடாது.

வேண்டியது ஒரே ஓர் எண்.
ஆய்வகத்துத் தொலைபேசி
எப்போதும்போல் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறது.

படகுத்துறைக்குப் போன் போட்டேன்.
"டாக்டர் டிங் பேசுறேன். பத்து நிமிஷம் நிறுத்துங்க."
"யாருக்காக?"
"பொட்டாசியம்."
கொஞ்ச நேரம் என்ஜின் மட்டும் பேசியது.
"சரி, அவரையும் கூட்டிட்டு வாங்க."

அறுபது பேர், கோழிக்கூடைகள்,
பிரிக்காத ஒரு வாஷிங்மெஷின்,
எல்லாம் நின்றன அந்த எண்ணுக்காக.

வந்தது:
இரத்தம் சிதைந்திருக்கிறது, மறுபடி எடுக்கவும்.
எடுத்தது நான்தான்.
விடிகாலை நாலு மணி, இடது கை, அவசரம்.

ஹார்ன் இரண்டு தரம் கேட்டது.
பிறகு கேட்கவில்லை.

பெலாயோங் செருப்பைக் கழற்றி
கட்டிலடியில் ஜோடியாக வைத்தார்.
வலது கையை நீட்டினார்.
"இதுல நரம்பு நல்லாத் தெரியும்"
என்றார், வெளியூர்க்காரிக்கு
வழி சொல்வதுபோல்.

மூன்று பத்துக்கு ஆய்வகமே கூப்பிட்டது.
நாலு புள்ளி ஒன்று.
ஒரு குறையும் சொல்ல முடியாத எண்.
சன்னலுக்கு வெளியே
படகே இல்லாத ஆறு
பழுப்பாய்ப் போய்க்கொண்டிருந்தது.

கேஸ் ஷீட்டில் எழுதினேன்:
பொட்டாசியம் சரி.
நாளை, முதல் படகு.