அறுமீன் வண்டி

வெர்னா லஷான்ஸ் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறாள்.
வெர்மான்ட்டில் மற்ற எல்லோரும் இடப்பக்கம்.
சாலையோரத் தபால்பெட்டிக்குக் கை எட்டவேண்டுமென்று
கம்பெனியே ஸ்டியரிங்கை மாற்றிவைத்து விற்ற
சுபாரு லெகசி, தொண்ணூற்று மூன்றாம் வருடத்து வண்டி.
எதிரே வரும் லாரிக்காரன் ஓட்டுநரைத் தேடி
சீட்டில் பார்சலைப் பார்த்துத் திடுக்கிடுவான்.

நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள்.
அறுபத்தொரு மைல், பாதி மண்சாலை.
ஏப்ரலில் பனி உருகினால் அச்சு வரைக்கும் சேறு.
ஒரு சக்கரம் வழுக்கினால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும்.
குடும்பம் மாதிரி என்று சொல்ல வாயெடுத்து
தன் குடும்பத்தை நினைத்து நிறுத்திக்கொள்வாள்.

குறை இல்லாமலா?
பின்சக்கர பேரிங் முனகுகிறது.
உப்பு தின்று கதவின் அடிவிளிம்பு பிஸ்கட்டாய் உதிர்கிறது.
சிவப்பு விளக்கில் நின்றால் எரிந்த ஆயில் வாடை.
"ஒழுகுதுன்னா உள்ள ஆயில் இருக்குன்னு அர்த்தம்.
ஒழுகல் நின்னா போன் பண்ணு"
என்பான் மெக்கானிக் எல்வின்.

இருநூற்று எண்பத்தேழாம் பெட்டி மெர்ல் வாட்லி.
வண்டி வளைவு தாண்டி மறையும்வரை
விறகுக் குவியலுக்குப் பின்னாலேயே நிற்பான்.
ஐந்து வருடம் அப்படித்தான்.
அவன் அண்ணன் கப்பற்படையில் இருந்தான்.
கப்பலின் மேல்தளத்தில் வந்து விழுந்த விமானத்தின் எஞ்சின்
எந்தத் தொழிற்சாலையுடையதென்று
எங்கோ படித்துவைத்திருக்கிறான்.

அந்தத் தொழிற்சாலைதான்.
போர் முடிந்ததும் விமானம் செய்யாதே என்றார்கள்.
மிஞ்சிக் கிடந்த குண்டுவீச்சு விமானங்களின் வால்சக்கரத்தை
ஸ்கூட்டருக்கு மாட்டி விற்றார்கள்.
கம்பெனியைத் துண்டு துண்டாக வெட்டினார்கள்.
ஐந்து துண்டுகள் பிறகு ஒட்டிக்கொண்டு ஆறாவதாயின.
சுபாரு என்றால் அவர்கள் மொழியில் அறுமீன்;
ஒன்றுகூடுவது என்றும் கேட்கும்.
முதலில் வந்த கார் வண்டு அளவு.
நெற்றியில் ஒரு பெரிய மீன், ஐந்து பொடிமீன்.

வெர்னாவுக்கு இதொன்றும் தெரியாது.
அவள் வாங்கியது ஸ்டியரிங்குக்காக.

ஜனவரியில் உறைமழை.
மின்கம்பிகள் அறுந்து தொங்கின. போன் செத்துக் கிடந்தது.
இருநூற்று எண்பத்தேழில் கொடி தூக்கியிருந்தது,
உள்ளே கடிதம் இல்லை.
விறகுக் குவியலுக்குப் பின்னால் ஆளில்லை.
விறகின்மேல் சாய்ந்தபடி
இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்,
தாடியில் பனிக்கட்டி.

கேட்டலாக் கட்டுகளைப் பின்னால் வீசி
இடப்பக்க சீட்டில் ஏற்றினாள்.
மற்ற எந்த வண்டியிலும் அது ஓட்டுநரின் இடம்.
அவன் முன்னால் ஸ்டியரிங் இல்லை, பிரேக் இல்லை.
பதினெட்டு மைல் கண்ணாடிமாதிரிச் சாலையில்
அவன் வலதுகால் மட்டும்
ஒவ்வொரு இறக்கத்திலும் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில்
டாஷ்போர்டின்மேல் உள்ளங்கையை வைத்தான்.
எடுத்தான்.
"ஹீட்டர் நல்லா வேலை செய்யுது" என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.

மார்ச்சில் அவன் பெட்டியில் ஒரு உறை:
முத்திரை ஒட்டி, அவள் பெயருக்கு, அவள் விலாசத்துக்கு.
விதி விதிதானே.
எடுத்து, கொண்டுபோய், முத்திரை குத்தவைத்து,
மறுநாள் கடைசியாகத் தன் பெட்டியிலேயே போட்டு
இறங்கிவந்து திறந்தாள்.
பன்னிரண்டு டாலருக்கு செக்.
கீழே, எதற்காக என்ற கோட்டில்: பெட்ரோல்.

அவள் அதை மாற்றவில்லை.
சன்வைசரில் செருகியிருக்கிறாள்,
இன்சூரன்ஸ் காகிதத்தோடு.

மெர்ல் இன்னமும்
விறகுக் குவியலுக்குப் பின்னால்தான் நிற்கிறான்.
இப்போது கொஞ்சம் இந்தப் பக்கமாக.

போன வாரம் எல்வின் ரேடியேட்டர் கழுவும்போது சொன்னான்:
கிரில்லில் ஒரு பொடிமீன் உதிர்ந்துபோச்சு,
புது பேட்ஜ் நாப்பது டாலர்.
எந்த மீன் என்று குனிந்து பார்த்தாள்.
வேண்டாம், பேரிங்கை மாத்து என்றாள்.