வெயிட்டிங் சார்ஜ்

அரிக்கமேட்டுக்கு யாரும் ஆட்டோ கேட்பதில்லை.
ஆரோவில், சுண்ணாம்பாறு,
மஞ்சள் சுவர்முன் நின்று ஒரு போட்டோ,
இதுதான் என் வண்டியின் வழக்கம்.
இவர் கைபேசியை நீட்டினார்.
உள்ளிருந்து ஒரு பெண்குரல்
செய்தி வாசிப்பதுபோல் சொன்னது:
'பழைய துறைமுகத்தைக் காட்டவும்.'

இடிந்த பாலத்தைக் காட்டினேன்.
கடலுக்குள் மிஞ்சிய தூண்களைப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினார்.
'இன்னும் பழையது' என்றாள் அவள்.

பெயர் என்ஸோ. நாப்போலி பக்கமாம்.
என்ன வேலை என்று சொல்ல
அவருக்குக் கைபேசி தேவைப்படவில்லை.
காற்றில் ஒரு கண்டெய்னரைத் தூக்கி
என் தலைக்கு மேலாக மெதுவாக நகர்த்தி
முருங்கப்பாக்கம் சிக்னலில்
ஒரு பால் வண்டிமேல் இறக்கினார்.
கிரேன்.

அரியாங்குப்பத்தில் இடப்பக்கம் திரும்பி
காக்காயந்தோப்பு, மாமரம், மண் ரோடு.
கேட் திறந்துதான் கிடந்தது. உள்ளே
ஒண்ணுமில்லை.
கூரையில்லாத செங்கல் சுவர் இரண்டு,
அதுவும் பாதிரிமார் காலத்துக் கட்டடம், நேற்றைய சங்கதி.
தென்னை. நாலு ஆடு. பீர் பாட்டில் மூடிகள்.
ஒரு பலகை: தொல்லியல் துறை.
துறை என்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

அறுநூறு பேசிக் கூட்டிவந்திருக்கிறேன்,
வெயிட்டிங் தனி.
எதைக் காட்டி வாங்குவது?

அவர் பேன்ட்டைச் சுருட்டி ஆற்றில் இறங்கினார்.
ஒரு தென்னை மட்டையைச் சேற்றில் குத்தி ஆழம் பார்த்தார்.
'கப்பல் இங்கே வராது.
வெளியே நிற்கும். சிறிய படகு வரும்.'
அது எனக்குத் தெரியும்.
கடலூர் முதுநகரில் கப்பல் எந்நாளும்
எட்டத்தில்தான் நின்றது.
படகில் வந்த உர மூட்டையை
எங்க வீட்டுக்காரர் முதுகு வாங்கியது,
பதினோரு வருஷம்.

காலடியெல்லாம் ஓடு.
இதில் எது ரோமாபுரி, எது போன பொங்கல்?
அவர் ஒன்றை எடுத்தார், நான் ஒன்றை எடுத்தேன்,
இரண்டும் சிவப்பு.
எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டோம்.

காலையில் மியூசியத்தில் எடுத்த படம் காட்டினார்:
ஜாடி. இரண்டு காது. அடி கூர்.
தானாக நிற்காது, மணலில் ஊன்றவேண்டும்,
இல்லையென்றால் இன்னொரு ஜாடிமேல் சாய்க்கவேண்டும்.
நிறைய திராட்சை மது. நாற்பது கிலோ.
'ஒரு ஜாடி, ஒரு மனிதன்.'

'தோளிலா, தலையிலா?' என்று கேட்டேன்.
பெண்குரல் அதை அவர் பாஷையாக்கியது.
கடலைப் பார்த்து யோசித்து
தோளைத் தட்டிக் காட்டினார்.
'எங்க பக்கம் தலை. சும்மாடு வைத்து.'
சும்மாடு என்றதும் கைபேசிக்காரி
வாயடைத்துப் போனாள்.
மறுபடி சொன்னேன். மறுபடியும் மௌனம்.

வண்டி துடைக்கும் துணியை உதறி
முறுக்கிச் சுற்றி
அவர் வழுக்கைமேல் வைத்தேன்.
இல்லாத ஜாடியை நானே தூக்கி ஏற்றினேன்.
கழுத்து விறைத்தது அவருக்கு.
இரண்டு கையாலும் இரண்டு காதைப் பிடித்துக்கொண்டு
கரையில் ஏறினார், ஒரு சொட்டு சிந்தாமல்.
ஆடுகள் வழிவிட்டன.

மேலே போய் மூச்சு வாங்க, 'போர்த்தோ' என்றார்.
'துறைமுகம்' என்றது கைபேசி.
இல்லை என்று தலையசைக்க முடியாமல்
நெஞ்சைத் தொட்டு மறுபடி சொன்னார், போர்த்தோ.
'நான் சுமக்கிறேன்' என்றது.
ஒரே சொல்தானே, மெஷின் கெட்டுவிட்டதா என்று பார்த்தேன்.
இரண்டு விரலைக் காட்டினார்:
இரண்டும் சரி.

ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டபோது
எழுநூற்றைம்பதாகக் கொடுத்தார்.
'காத்திருந்ததற்கு' என்றாள் பெண்குரல்.
நான் எங்கே காத்திருந்தேன்?
அறுநூறை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
எடுத்தது சரியா என்று
நெல்லித்தோப்பு வரைக்கும் யோசனை.

ராத்திரி வண்டியைத் துடைக்கத் துணியைத் தேடினால் காணோம்.
அவர் தோளில் கிடந்ததை இருவருமே மறந்திருக்கிறோம்.
வீட்டுக்காரர் பாயில் குப்புறப் படுத்தபடி கேட்டார்,
'என் லுங்கியில கிழிச்சதுதானே அது?'
ஆமாம், அதுதான். மானம்தான் கப்பலேறும் என்பார்கள்.
தைல பாட்டிலைத் திறந்துகொண்டே சொன்னேன்,
உங்க கரித்துணி ஏறியிருக்கு.