பதினோராம் நிமிடம்

தார்த்து நகரம். ஜன்னலில் பனி.
இந்த ஈர வலைத்தொப்பிக்காக
ஒரு வாரம் நீச்சல் தொப்பியோடு
தூங்கிப் பழகியிருக்கிறான்
நான்கு வயது தாவெத்.

திரையில் முகங்கள் வந்து வந்து சிரிக்கின்றன.
அவன் பார்ப்பதோ
காதோரம் இறங்கும் உப்புநீர்த் துளியை.
ஒன்று.
கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.

அலைகள் ஒழுங்காகத்தான் ஓடின,
பதினோராம் நிமிடம் வரை.
அப்போது அம்மாவின் கட்டைவிரலைத் தேடிப் பிடித்து
நெற்றியில் அழுத்திக்கொண்டு
ம்ம்ம் என்றான், நீளமாக.
நூற்றிருபத்தெட்டுக் கோடுகளும் கிறுக்கலாயின.

அசைவு, கணக்கில் சேராது என்று குறித்தேன்.
வெட்டுவது என் வேலை. வெட்டினேன்.

எல்லாரும் போனபின்
வெட்டிய துண்டை
அழிக்கக் கை வராமல்
தனிக் கோப்பில் போட்டேன்.
பெயர் கேட்டது கணினி.

ம்ம்ம்
என்று தட்டினேன்.