முதல் கட்டு வாய்க்கு

சிலிக்கான் நாய்க்குத் தொடையில் குழாய்,
மார்புக்குள் காற்றுப்பை.
ரிமோட்டை அழுத்தினால் குரைக்கும்.
மூன்று வாரத்தில்
பதினோரு முறை அதைக் காப்பாற்றினேன்,
நான்கு முறை கொன்றேன்.
கொன்ற பிறகும் ஒருமுறை குரைத்துக்கொண்டேயிருந்தது;
மேஜர் ஒத்தாலோரா பேட்டரியைக் கழற்றி
மேசைமேல் வைத்தார்:
"இறந்த நேரம், எழுதிக்கொள்."

மக்தலேனா ஆற்றங்கரை முகாமில்
காலை ஒன்பதுக்கே தகரக் கூரை கொதிக்கும்.
பாடமும் வெயிலில்தான்:
நாக்கு செங்கல் நிறமானால் நிழலுக்குத் தூக்கு.
விரலிடுக்கில் முள்ளா, உள்ளங்கால் உரிந்ததா, பார்.
கன்னிவெடி தேடும் மூக்கு ஒழுகினால்
அன்று அந்த வயலில் யாரும் கால் வைக்கக் கூடாது.
இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்று:
முதல் கட்டு காயத்துக்கு இல்லை,
வாய்க்கு.
வலியில் இருக்கும் நாய்க்குச்
சோறு போட்ட கை அடையாளம் தெரியாது.
கரும்பலகையில் அந்த வரியை மட்டும்
யாரும் அழிப்பதில்லை.

பனேலா வந்தது ஒரு வியாழன் இரவு.
வெல்லக்கட்டி நிறம், நாலு வயது,
பதினேழு கன்னிவெடிகளின் அருகே
அசையாமல் உட்கார்ந்து காட்டிக்கொடுத்த பெட்டை.
தூக்கிவந்தவன் சிப்பாய் யெய்சன் குவெஸ்தா.
"என்ன செய்கிறது?"
"பந்தை எடுக்கவில்லை."
அதற்கு மேல் அவனுக்குச் சொல்ல வரவில்லை.

அது முனகவில்லை.
ஓங்கரித்தது. ஒன்றும் வரவில்லை.
மறுபடி ஓங்கரித்தது.
விலாவுக்குப் பின்னால் விரலால் தட்டினேன்:
பறை.
உள்ளே இரைப்பை, யாரோ துணி பிழிவதுபோல,
முறுக்கிக்கொண்டிருந்தது.

கை தானாகக் கட்டுத்துணிக்குப் போனது.
ஓங்கரிக்கிற வாயைக் கட்டினால் மூச்சு நிற்கும்.
மேஜர் தலைநகரில். சிலிக்கான் நாய் அலமாரியில்.
அது ஒருநாளும் ஓங்கரித்ததில்லை.
துணியை நான் கீழே வைத்ததை
யெய்சன் பார்த்தான்.
எதுவும் கேட்காமல்
சுருட்டியிருந்த சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கினான்,
அதன் தலையை நெஞ்சோடு சேர்த்து
முழங்கையால் பூட்டினான்.

மயிரை மழித்தேன்.
ஊசி பெரியது, கோணி தைக்கலாம்.
இறங்கிய கணம் அது பூட்டைத் திருப்பிக்கொண்டு
கடித்தது.
யாரும் கத்தவில்லை.
ஊசித் துளை வழியே காற்று சீறியது,
புளித்த, அழுகிய, வெதுவெதுப்பான காற்று.
என் சகோதரியின் குழந்தையை முதன்முதலில் முகர்ந்தபோதுகூட
இப்படி நெஞ்சு நிறைய இழுத்ததில்லை.

பிறகு மேசை, மயக்கமருந்து, விளக்கு,
சார்ஜென்ட் லுதிவியாவின் நிதானமான கைகள்.
முறுக்கைப் பிரித்து
இரைப்பையை வலப்பக்கச் சுவரோடு தைத்தோம்.
கடைசி முடிச்சைப் போடும்போது
ஜெனரேட்டர் ஒருமுறை இருமியது.
நாங்கள் இருவரும் கூரையைப் பார்த்தோம்.
அது மறுபடி ஓடியது.

யெய்சன் வெளியே வாளிமேல் உட்கார்ந்திருந்தான்.
முன்கையில் நாலு துளைகள்.
மனிதரைத் தைக்க எனக்கு அனுமதியில்லை;
கழுவினேன், நெடுநேரம்.
படிவத்தை எடுத்தேன்: காயத்தின் காரணம்?
"முள்கம்பி" என்றான்.
கடித்த நாய் என்று ஏட்டில் ஏறினால்
விசாரணை, தனிக்கூண்டு, வேறு ஆள்.
"நாலு முள்ளும் இரண்டிரண்டாக எதிரெதிரே?"
"நல்ல கம்பி, டாக்டர்."
முள்கம்பி என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
என் முதல் ராணுவப் படிவம்.

ஆறு மணிக்குப் பனேலா கண் திறக்கவில்லை.
மூக்கு மட்டும் அசைந்தது,
அவன் காற்சட்டைப் பையில்
பந்து புடைத்திருந்த பக்கமாக.